ஷேவிங் பிரஷ் இலக்கணம்: போலி முடிப் படலம்

நூலுக்குள் நுழையுமுன் நுதலிய பொருளைச் சொல்லிவிடுவது மரபு. இந்நூல் நுதலியது, கையைக் கடிக்காத விலையில் செயற்கை இழை ஷேவிங் பிரஷ் ஒன்றைத் தேரும் முறை. இதன் பயன் நுரை. இதைக் கற்க உரியோர், ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால் முகத்தை முடித்துக்கொள்ள வேண்டிய ஆடவர். தாடி வளர்ப்போர் இப்படலத்துக்கு அதிகாரிகள் அல்லர்.

பொருளை முதல், கரு, உரி எனப் பகுப்போம். முதற்பொருள் நிலமும் பொழுதும்: வாஷ்பேசினும் வாஷ்பேசின் சார்ந்த இடமும் நிலம், பால் வந்த பின், குழாயில் தண்ணீர் நிற்குமுன் பொழுது. கருப்பொருள்: பிரஷ், கிரீம், பிளேடு, படிகாரக் கட்டி, வேறொருவர் உள்ளே தாழிட்டுக்கொண்ட குளியலறை. உரிப்பொருள்: நேரமாதலும் நேரமாதல் நிமித்தமும்.

இனி முடியியல். பிரஷ் முடி நால்வகைப்படும்: பன்றி, குதிரை, பேட்ஜர், செயற்கை. பன்றி முடி தண்ணீர் குடிப்பது. ஊறவைத்தே எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் உழைத்த பிறகுதான் நுனி பிளந்து மெத்தென்றாகும். அதுவரை கன்னம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேட்ஜர் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் பிராணி. அதன் முடி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் பிரித்து விற்பார்கள். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் பெஸ்ட் இன்னொரு கம்பெனியின் சூப்பராக இருக்கத் தடையில்லை. விலை மட்டும் எல்லாக் கம்பெனியிலும் இலக்கணம் வழுவாமல் ஏறும்.

குதிரை முடியில் சற்று நிற்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் ரஷ்யாவின் நல்ல பேட்ஜர் முடி ஜெர்மனி வழியாக, கிருமி நீக்கப்பட்டு மற்ற நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர் அந்த வழியை அடைத்தது. ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடி அந்த இடத்தைப் பிடித்தது. அதையே பேட்ஜர் போலத் தோன்றச் செய்து விற்றவர்களும் இருந்தார்கள். முடியோடு ஆந்த்ராக்ஸ் கிருமியும் வந்தது. பிளேடு கீறிய இடம் அதற்கு வாசலாயிற்று. 1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ராணுவத்தாரும் பொதுமக்களுமாக இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் இந்த நோய் கண்டது. சிலர் இறந்தும் போனார்கள்.

ஆக, போலி இருவகைத்து: தன்னை மறைக்கும் போலி, தன்னை அறிவிக்கும் போலி. ஆளைக் கொன்றது முன்னது. இப்படலம் பேசுவது பின்னதை.

செயற்கை இழையின் பரம்பரை நைலானில் தொடங்குகிறது. 1938-இல் டூபாண்ட் கம்பெனியின் நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷ்ஷில். பெண்களின் காலுறை அதற்கு இளையது. பல்லுக்கு உகந்தது கன்னத்துக்கு உகக்கவில்லை. பழைய நைலான் ஷேவிங் பிரஷ் சுவருக்கு வெள்ளையடிக்கும் மட்டைக்குத் தம்பி; முகத்தில் பூசியதைவிடக் கண்ணாடியில் தெளித்ததே அதிகம். இன்றைய நல்ல இழை பெரும்பாலும் பிபிடி என்னும் பாலியெஸ்டர் வகை. நுனி மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் முடியும். மென்மையின் ரகசியம் அவ்வளவுதான்.

அற்றேல், செயற்கை இழை தண்ணீரைக் குடிக்காதே எனின், குடிக்காது. அதுவே அதன் சிறப்பு. ஊறவைக்கும் வேலை இல்லை, மிருக வாடை இல்லை, ஐப்பசி அடைமழையிலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் இழைகளின் இடுக்கில் நின்ற தண்ணீர், அழுத்திய மாத்திரத்தில் மணிக்கட்டு கடந்து முழங்கை நோக்கிப் புறப்படும். நனைத்தபின் நன்றாக உதறுக. தண்ணீர் போதாவிட்டால் பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். கூடியதைக் குறைக்க வழியில்லை.

நுரையே வரவில்லை எனின், பழியைப் பிரஷ் மேல் போடுவது பொதுவழக்கு. அது வழு. போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடிக் கரையாத கசடாகிவிடும். அந்தத் தண்ணீரில் பேட்ஜரையே உயிரோடு கொண்டுவந்து தேய்த்தாலும் நுரைக்காது. கேன் தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துப் பார்க்கலாம். அதற்கு வீட்டில் ஒப்புதல் பெறும் முறை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனிக் கடைப் படலம். பிரஷ் என்பது அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிறையிருப்பது. தொட்டுப் பார்க்காமல் அறிய முடியாது, தொட விடமாட்டார்கள்.

“அண்ணாச்சி, இத ஒருக்கா பிரிச்சுக் காட்டுங்களேன்.”

“பிரிச்சா வாங்கிரணும் தம்பி.”

உலகத்து ஆய்வுக்கூடம் எதிலும் இவ்வளவு தெளிவான நெறிமுறை இல்லை. பிரிக்கச் சம்மதம் கிடைத்தால் செய்ய வேண்டியவை சில. நுனியைப் புறங்கையில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். குத்தினால் திருப்பிக் கொடுக்க (கொடுக்க முடிந்தால்). உள்ளங்கையில் அமுக்கி விட, மெல்ல நிமிர்வது நன்று. ஸ்பிரிங் போலத் துள்ளுவது நுரையை வாரி இறைக்கும் சாதி. நடுவில் விரலால் பிளந்து பார்க்க, அடிவரை வெறிச்சென்று தெரிந்தால் அது இழைப் பஞ்சம். முடிக்கட்டின் குறுக்களவு 22 முதல் 24 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேற்பட்டவை மேலுதட்டில் பூசும்போது மூக்குக்கும் பங்கு வைப்பவை.

புது பிரஷ் முதல் சில நாள் ஓரிரு இழை உதிர்ப்பது இயல்பு. உதிர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே ஒட்டிய பசை சரியில்லை என்று பொருள். நல்ல பசையையும் கொதிக்கிற தண்ணீர் தளர்த்திவிடும், வெதுவெதுப்போடு நிறுத்துக.

கைப்பிடி பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. வழுக்கக் கூடாது, நிற்க வைத்தால் விழக் கூடாது. மரம், பித்தளை, மாட்டுக்கொம்பு போன்ற பிசின் என்று எதற்குக் கொடுக்கும் காசும் கன்னம் வரை போய்ச் சேர்வதில்லை. செயற்கை இழையின் நடுவே கறுப்புப் பட்டை சாயமேற்றி பேட்ஜர் வேடம் கட்டிய பிரஷ்களும் உண்டு. ஆந்த்ராக்ஸ் பயம் இல்லை என்றாலும், பட்டைக்கென்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இவ்வாய்வின் முடிபு: நுனி மெலிந்த இழை, அடர்ந்த நடு, 24 மில்லிமீட்டருக்குள் கட்டு, வெறும் பிளாஸ்டிக் பிடி. இந்நான்கும் ஐந்நூறு ரூபாய்க்குள் ஒருசேர அமைந்தால், அண்ணாச்சி அடுத்த விலையை எடுத்துக் காட்டுமுன் பில் போடச் சொல்லிவிடுங்கள்.