பாகூருக்கு வந்த படிவம்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் ஆட்சியின் எட்டாம் ஆண்டில், புதுவைக்குத் தெற்கே பாகூரில் இயங்கிவந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலையின் பரிபாலனத்துக்கென்று மூன்று கிராமங்களைத் தானமாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில் கிராமங்கள் பண்டிதர்களுக்குச் சோறு போட்டன, பண்டிதர்களும் பாகூரிலேயே இருந்தார்கள். 1985-இல் ஏற்பட்ட புதுவைச் சர்வகலாசாலையோ வடக்கே காலாப்பட்டில் கடலைப் பார்த்து வீற்றிருப்பதால், சமூக சாஸ்திரம் பயில்வோர் கிராமத்தைத் தேடித் தெற்கே வரவேண்டியிருக்கிறது. அதுவும் இடையில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, கோட்டக்குப்பம் தாண்டி மீண்டும் புதுவைக்குள் பிரவேசித்து, தேசாந்தரம் போகும் கம்பீரத்தோடு.

எந்தச் சர்வகலாசாலையானாலும் கிராமத்தைப் பற்றிய பயிலரங்கு என்றால், துவக்கவுரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் புகைப்படம் ஆகிய இன்றியமையாத சடங்குகள் நிறைவேறி, பிரியாணியும் ஜீரணமான பிறகு எஞ்சும் பொழுதில்தான் கிராமம் விவாதத்துக்கு வரும். கிராமத்தான் வருவதில்லை, அவனுக்கு அன்று நடவு.

ஆகையால் ஆய்வுக்கான கேள்விப் படிவம் அவனைத் தேடி வரப்பில் நடந்து வருகிறது. “வாழ்க்கையில் உங்கள் திருப்தி, ஒன்று முதல் ஐந்துக்குள் எவ்வளவு, ஐயா?” என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் பவ்வியமாகக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

“ஏரியில தண்ணி இருந்தா அஞ்சு, இல்லாட்டி ஒண்ணு. நீயே போய் ஏரியப் பாத்துட்டு எழுதிக்க, தம்பி” என்பார் பெரியவர்.

படிவத்தில் ஏரிக்கு இடம் ஒதுக்கப்படாமையால், தம்பி மூன்று என்று குறித்துக்கொள்வார்.