கொல்லிப்பாவைக்கு எத்தனை அடி மோப்பம்?

எல்ஃப் என்னும் கூர்க்காது இனத்தாருக்கு இருட்டில் அறுபது அடி வரை கண் தெரியும். அறுபத்தோராவது அடியில் நிற்கிற பூதம் தெரியாது. அறுபது அடிக்குள்ளும் கும்மிருட்டில் எல்லாம் சாம்பல் நிறம்தான். பூதம் கட்டியிருப்பது சிவப்பு வேட்டியா பச்சை வேட்டியா என்று கேட்கக் கூடாது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் விதி இது. பகடை, பென்சில், செங்கல் கனத்தில் புத்தகங்கள், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாத நாலு பேர் இருந்தால் ஆடிவிடலாம். ராசிபுரத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்கு அடியில் நடக்கிறது. கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன் அக்கா மகன், என் மாப்பிள்ளை. ஆள் குறைகிறது என்று என்னையும் பிடித்துப் போட்டுவிட்டான். நான் மந்திரவாதி.

1974-இல் இதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிட்டன. பாலிசியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் போல, எந்த மந்திரப் புலனைக் கொடுத்தாலும் கூடவே ‘இதெல்லாம் செல்லாது’ என்று ஒரு பட்டியல் வரும். நில அதிர்வை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் ராட்சதப் புழு ஒன்று உண்டு. அறுபது அடி. ஆனால் ஆளும் புழுவும் ஒரே தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆள் பறந்தால் க்ளெய்ம் கிடையாது.

பழைய பதிப்புகளில் எல்ஃபுகளுக்கு இருட்டில் உடம்புச் சூடு தெரிந்துகொண்டிருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்; சாம்பல் நிறப் பார்வை ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. நல்ல காரியம். சித்திரை மாதத்தில் சேலத்துக்கு ஒரு எல்ஃப் வந்தால் ராத்திரி பத்து மணிக்குச் சுவரும் மனுஷனும் ஒரே சூட்டில் இருப்பார்கள். அது யாரென்று பார்த்து அம்பு விடும்?

தகராறு வந்தது என் மந்திரத்தில். பக்கத்தில் மந்திர சக்தி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மந்திரம் அது. 2014-ஆம் வருஷத்து ஐந்தாம் பதிப்பின்படி முப்பது அடிக்குள், பத்து நிமிஷம் வேலை செய்யும். ஓரடிக் கல், ஓரங்குல இரும்பு, மெல்லிசான ஈயத் தகடு, மூன்றடி மண் அல்லது மரம், இதில் எது குறுக்கே வந்தாலும் போச்சு.

“மூணடி மண்ணுக்கே படுத்துக்குமா?” என்றான் திருச்செங்கோட்டுப் பையன். அவன் அப்பாவுக்கு ரிக் வண்டி. இந்தியா பூராவும் போர் போடப் போகிற ஊரின் வாரிசு. “எங்கூர்ல பாயிண்ட் பாக்கறவரு தேங்காயை உள்ளங்கையில வெச்சு நடந்தாருன்னா, ஆயிரம் அடி பாறைக்கு அடியில இருக்கற தண்ணி தெரியுதுங்க!”

தெரியும், தெரியும். அக்கா வீட்டுக் காட்டிலும் ஒருத்தர் நடந்தார். வேலி ஓரத்தில் தேங்காய் சடக்கென்று எழுந்து நின்றது. “ரெண்டு ஊத்து. ஐநூறடிக்குள்ள,” என்றார். ரிக் வண்டி எண்ணூறைத் தாண்டியும் புகைதான் வந்தது. எங்கள் மச்சான் முகமெல்லாம் வெள்ளைப் பாறை மாவு. நம் பக்கம் பாறை வெடிப்பில்தான் தண்ணீர். வெடிப்பு அகப்பட்டால் உண்டு, தப்பினால் மாவுதான். தேங்காய்க்காரரை விசாரித்தால், “அன்னிக்குக் கூட நடந்தவங்க செருப்புப் போட்டிருந்தாங்களே,” என்றார். கைகாக்ஸாக இருந்தால் அதை முன்னாடியே அச்சடித்திருப்பார். நாங்களும் செருப்பைக் கழற்றியிருப்போம்.

அடுத்த ஆட்டத்துக்கு மாப்பிள்ளை கொல்லிமலையைக் கொண்டுவந்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் உச்சியில் கொல்லிப்பாவை. பூதம் செய்த பாவை என்று நற்றிணையிலேயே பெயர் வாங்கியவள். அசுரர்களின் வாடை பட்டதுமே சிரிப்பாள், சிரிப்பில் மயங்கி வருகிறவனைத் தீர்த்துவிடுவாள் என்பது கதை. எட்டுக்கை அம்மனாக அவளைக் கும்பிடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. “அம்மனை வெச்சு வெளையாண்டீங்கன்னா சோறு கெடையாது!” என்று கீழேயிருந்து அக்கா குரல். ஆகவே சண்டை கிடையாது, அவளைத் தாண்டிப் போனால் போதும் என்று முடிவாயிற்று.

இப்போது விதி வேண்டுமே. புத்தகத்தில் கற்சிலை அரக்கன் ஒன்று இருக்கிறது. அதற்கு இருட்டில் 120 அடி தெரியும், மோப்பம் கிடையாது. ஓநாய்க்கு மோப்பம் கூர்மை. இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை சிலையின் கண்ணையும் ஓநாயின் மூக்கையும் சேர்த்துப் பாவைக்கு வைத்தான். சங்கப் புலவர்கள் யாரும் அடிக்கணக்குச் சொல்லவில்லை என்பதால் மோப்பத்துக்கும் 120 அடியே.

“நாங்க லாரியில கோழி எருவுக்குள்ள படுத்துட்டுப் போறோமுங்க,” என்றான் நாமக்கல் பையன். முட்டைப் பண்ணைக்காரர் மகன்.

மாப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டினான். கல் இருக்கிறது, இரும்பு, ஈயம், மண், மரம் எல்லாம் இருக்கிறது. எரு இல்லை.

“எரு மண்ணுல சேருமா மாமா?”

“காஞ்சதா, ஈரமா?” என்றேன்.

“கூண்டுக்கு அடியில காஞ்சு கெடந்தா மண்ணு மாதிரிதானுங்க. மழை பட்டுதுன்னா அது வேற கதை.”

ரிக் வண்டிப் பையன் தொழில்காரன். எழுபது வளைவு திரும்புவதற்குள் எரு ஒரு பக்கமாகச் சரிந்து, நம் மேல் ஒன்றரை அடிதான் நிற்கும் என்று கணக்குப் போட்டான். மாப்பிள்ளை யோசித்து, பட்டியலின் கடைசியில் பென்சிலால் எழுதினான்: ‘கோழி எரு, காய்ந்தது: இரண்டடி. ஈரமானது: ஓரடி.’ எழுதிவிட்டுப் பாவைக்காக இரண்டு பகடைகளைக் கையில் எடுத்தான்.

“இருடா மாப்ள,” என்றேன். “காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?”

“நம்ம ஊர்ல எப்பவுமே பண்ணைப் பக்கமிருந்துதானுங்க மாமா,” என்றான் நாமக்கல் பையன்.