ஐ.சி.யூ. கதவும் அரை வார்த்தையும்

கேள்வி: அப்பா ஐ.சி.யூ.வில். எது கேட்டாலும் சிஸ்டர், 'டாக்டர் சொல்லுவாங்க' என்று கதவைச் சாத்துகிறார். இதுக்கா முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்தோம்?
– வாசகி, முக்கூடல்

பதில்: பிழைப்பாரா என்று சொல்வது டாக்டரின் பொறுப்பு, சிஸ்டர் அதை மீற முடியாது. ஆனால் 'கூப்பிட்டா கண்ணு முழிக்காரு' என்று சொல்லலாமே! அந்த அரை வார்த்தைக்காகத்தானே குடும்பமே வராந்தாவில் துண்டு விரித்துக் கிடக்கிறது. அமெரிக்காவில் 5 ஐ.சி.யூ.க்களில் நடந்த ஓர் ஆய்வில் நர்ஸ்களே தினமும் குடும்பத்தாரைச் சந்தித்துப் பேசினார்கள். 2018-ல் வெளியான முடிவு: உறவினரின் மனச்சோர்வு குறையவில்லை, ஆனால் 'எங்களிடம் நன்றாகப் பேசினார்கள்' என்ற நிறைவு கூடியது. எனக்கு அதுவே பெரிய விஷயம். நீங்களும் மாமா, சித்தப்பா, மச்சான் என்று வரிசை கட்டிக் கேட்காதீர்கள். சிஸ்டருக்கு நா வறண்டுவிடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய், ஷிப்ட் மாறும் பரபரப்பு அடங்கியதும், 'ராத்திரி தூங்கினாங்களா சிஸ்டர்?' என்று கேளுங்கள்.