எண்ணெய்க்கும் ஒரு பாடு உண்டு

வாம்மா நர்சம்மா, திண்ணையில உக்காரு. பயிற்சி முடிச்சுட்டு பழவேற்காட்டுக்கே திரும்பிட்டியாமே! பையில வாசனை எண்ணெய், போன்ல பாட்டு, வாயில மூச்சுப் பயிற்சி. குப்பமே உன் பேச்சாத்தான் கீது.

ஆமா, புத்துநோய் வந்து படுக்கையில கெடக்குற அந்த மனுசன்கிட்ட நேத்து இன்னா சொன்ன? "கண்ணை மூடிக்குங்க, அமைதியான ஒரு கடற்கரையை நெனைச்சுக்குங்க." மூடினாரு. மண்ணு மேடிட்ட முகத்துவாரம், போட்டுக் கடன், யாவாரி அடிச்சுக் குறைச்ச இறால் வெலை, எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. அப்புறம் எங்க தூக்கம்? போதாக்குறைக்கு அலைச் சத்தம் வேற போட்டு வுட்ட! பட்டணத்துக்காரன் அதைக் கேட்டா தூங்குவான். எங்காளுங்க வலையைத் தேடுவாங்க. எம்ஜிஆர் பாட்டு வேணுமா, மாதா பாட்டு வேணுமான்னு அவரையே கேட்டுட்டுப் போடும்மா.

ஏரியில பாடுன்னு ஒண்ணு கீதே, உனக்குத் தெரியாததா? எந்த எடத்துல, என்னிக்கு, யார் வலை கட்டறதுன்னு முறை. என் முறையில நீ எறங்கக் கூடாது, உன் முறையில நான் எறங்கக் கூடாது. வைத்தியமும் அப்படித்தான். புத்துநோய் வலி முத்திப்போனா முதல் பாடு மார்ஃபினோடது. அது ஆஸ்பத்திரிக்குச் சுளுவா கெடைக்கணும்னு 2014-ல போதைப்பொருள் சட்டத்தையே திருத்துனாங்க. அந்த மாத்திரையை அலமாரியில தூங்க வச்சுட்டு நீ லாவண்டர் தடவினா, அது பாடு திருட்டு. புண்ணு நாறுதுன்னா டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதுவாரு. ஊதுவத்தி நாத்தத்துக்கு மணம் சேக்கும், போக்காது. வலி அடங்கின பிறகும் பயம் கீது, தூக்கம் வராது, உடம்பு முறுக்கிக்கினு கெடக்கும். அங்கதான் உன் எண்ணெயோட முறை.

எங்க அமுக்கணும்னு கத்துக்கினு வந்துட்ட. எங்க அமுக்கக் கூடாது? சொல்லு பாக்கலாம்! கட்டி மேல கூடாது. ரேடியேசன் கரண்டு வச்ச தோலு மேல கூடாது. நோவு எலும்புக்கு எறங்கியிருந்தா அங்கயும் கூடாது. ஒரு காலு மட்டும் திடீர்னு வீங்கினா, தேய்க்காம டாக்டருக்குப் போன் போடு, உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். கீமோ ஏத்தினவருக்கு உன் வாசனையே வாந்தியைக் கொண்டாந்துடும், மூடியைத் தொறக்கறதுக்கு முன்ன கேளு.

மகிமை மாதா கோயில் எண்ணெயோ தர்கா கயிறோ கண்ணுல பட்டா மூஞ்சைச் சுளிக்காதே. உள்ளுக்கு எதுனா சூரணம், லேகியம் ஓடுதான்னு மட்டும் சிரிச்சுக்கினே விசாரி. திட்டினா தலையணை அடியில ஒளிப்பாங்க. ஒளிச்ச மருந்துதான் டாக்டர் மருந்தோட மல்லுக்கு நிக்கும்.

2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்களே, அதுல நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருது. சந்தோசம். ஆனா நீ வந்து ஒரு மணி நேரம் இருப்ப, அப்புறம் அடுத்த குப்பத்துக்கு ஓடுவ. மிச்ச நேரமெல்லாம் தூக்கி ஒக்கார வைக்கறது, தொடைச்சு வுடறது யாரு? அவரு சம்சாரம். அந்தம்மா முதுகை யாராச்சும் புடிச்சு வுட்டாங்களா? கோழிக்கோட்டுல 1993-ல வலிக்குன்னு ஒரு கிளினிக் தொடங்கினவங்க, பின்னால ஊர் சனத்துக்கே பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்பினாங்க. டாக்டரும் நர்சும் மட்டும் போதாதுன்னு புரிஞ்சுக்கினவங்க.

அதனால நீ கத்துக்கினதை வீட்டுல இறக்கி வச்சுட்டுப் போ. அந்தம்மாவுக்கு வேணாம், அவங்களுக்கு ஏற்கெனவே கை ஓயல. வாசல்ல ஒருத்தன் செவுத்துல சாஞ்சுக்கினு போனை நோண்டிக்கினு நிப்பான் பாரு, அவரு பெத்த புள்ள. அவனைக் கூப்பிட்டு ரெண்டு கையிலயும் எண்ணெயை ஊத்து. போன் தானா வழுக்கிக்கினு விழும்.