டேப்புக்காரர்

கலசப்பாக்கத்தில் யார் வீட்டு வாசலிலாவது ஒரு லோடு எம்-சாண்ட் இறங்கினால், மறுநாள் காலை பால்காரருக்கு முன்னால் அவர் வந்துவிடுவார். கைலி, தோளில் துண்டு, இடுப்பு மடிப்பில் ஐந்து மீட்டர் டேப். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வருவார்; டேப்பை மறந்ததாகச் சரித்திரம் இல்லை.

“இன்னாப்பா, மேல எடுக்கறியா?”

“ஆமா பெரிப்பா. பையன் பெங்களூர்லேர்ந்து கொஞ்சம் பணம் அனுப்பிச்சான். ஒரு ரூம் போட்டுக்கலாம்னு...”

“போடு, போடு. யாரு வாணான்றது? ஜன்னல் எந்தப் பக்கம் வுடறே?”

இது அவர் கொடுக்கும் முதல் நோட்டீஸ். இரண்டாவது வக்கீலிடமிருந்து வரும்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. போளூரிலும் ஆரணியிலும் இவருக்கு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். எழுதும் வசதிக்காக எல்லாரையும் ஒரே ஆளாக்கிக்கொள்கிறேன்.

சர்வே இலாகாவில் இவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. பாகப் பிரிவினைக்குச் சர்வேயர் வந்தபோது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அன்றைக்கு ஏறிய ஞானம் இன்னும் இறங்கவில்லை. ஒரு லிங்க்ஸ் 7.92 அங்குலம், நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, சங்கிலி 66 அடி என்று டீக்கடையில் கிளாஸ் வருவதற்குள் ஒப்பித்துவிடுவார். ஊர் முழுக்க ஒரு சென்ட் 435 சதுர அடி என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருக்கிறது. இவர் ஒருவர்தான் 435.6 என்பார். “அந்த பாயின்ட் ஆறு எவன் ஊட்டுக்குப் போச்சு? அத்தச் சொல்லு மொதல்ல.”

இவரைக் குறை சொல்வதற்கு முன் வீடுகளைப் பார்க்க வேண்டும். நத்தத்தில் இருந்த பழைய ஓட்டு வீடுகளுக்கு இரு வீட்டுக்கும் ஒரே சுவர். பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம், காற்று, மழை, காக்கை எல்லாம் முற்றத்தின் வழியாகவே வந்து போயின. அண்டை வீட்டை எட்டிப் பார்க்க வேண்டுமானால் ஓட்டைப் பிரிக்க வேண்டும். அந்தச் சிரமத்தைத் திருடர்கள் மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஓட்டை இறக்கிவிட்டு மெத்தை போட்டார்கள். முற்றத்தின் மேல் கான்கிரீட் விழுந்தது. மூச்சு விடப் பக்கவாட்டில் ஜன்னல் வைத்தே ஆக வேண்டும் என்றாயிற்று. அந்தப் பக்கவாட்டில்தான் டேப்புக்காரரின் கொல்லை இருக்கிறது.

“எங்க ஊட்டுப் பொம்பளைங்க கொல்லையில நிக்க முடியல சார்” என்று வக்கீலிடம் போனார். வக்கீலுக்கு இது பழைய சரக்கு. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவிலேயே இந்த ஜன்னல் உதாரணமாக நிற்கிறது: அண்டை வீட்டின் அந்தரங்கத்தைக் குலைக்கிற புது ஜன்னலை வைக்கக்கூடாது என்று ஓர் ஊரில் வழக்கம் இருந்தால், அந்த வழக்கமே உரிமையாகிவிடும். 1888-இல் கோகல் பிரசாத் – ராதோ வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்றம் இப்படியொரு வழக்கத்தை ஒப்புக்கொண்டது. டேப்புக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா நம்ம சென்னை ஹைகோர்ட்டு அந்தக் காலத்துலயே வேற மாதிரி சொல்லிடுச்சு” என்றார் வக்கீல். ஜன்னல் திறந்து பார்ப்பது வழக்குப் போடும் குற்றமில்லை, வேண்டுமானால் உங்கள் இடத்தில் சுவர் எழுப்பி மறைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் பதில். அந்தச் சுவருக்கு ஆகும் செங்கல் செலவைக் கணக்குப் போட்டதும் டேப்புக்காரருக்குச் சென்னை மேல் கோபம் வந்தது.

இதற்குள் அந்த ஜன்னல் வேறொரு வேலையில் இறங்கியிருந்தது. இவர் மனுவுக்குப் பேனா தேடிக்கொண்டிருந்த மத்தியானத்தில், இவர் சம்சாரம் அதன் கம்பி வழியாக ஒரு கிண்ணம் சுண்டைக்காய்க் குழம்பு நீட்டினார். கம்பி இடைவெளிக்குக் கிண்ணம் பெரிதாக இருந்ததால், சாய்த்து, விரலால் விளிம்பை வழித்து, உள்ளே தள்ளினார். மறுநாள் அதே கிண்ணம் பணியாரத்தோடு திரும்பி வந்தது. பணியாரத்தை டேப்புக்காரரும் தின்றார். எந்த வழியாக வந்தது என்று கேட்கவில்லை.

அந்தரங்கம் எடுபடாமல் போகவே, அடுத்து மலையைப் பிடித்தார். “மாடியிலேர்ந்து பார்த்தா பர்வதமலை தெரியும். மறைச்சிட்டான்.” இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்தையும் காற்றையும் சட்டம் காப்பாற்றும், அதுவும் கட்டடத்துக்குள் வருவதை மட்டும். திறந்தவெளிக்கு வரும் காற்றை 17-ஆவது பிரிவு கைகழுவிவிடுகிறது. மொட்டை மாடியிலிருந்து மலை பார்க்கிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

மிச்சம் இருந்தது பிளான் அப்ரூவல். முன்பெல்லாம் அது ஒரு பொற்காலம். ஃபைல் மேஜை மேஜையாக நகரும். இவரும் கூடவே நகர்ந்து ஆட்சேபனை சொல்லலாம். 22 ஜூலை 2024 அன்று தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறவர், விதிப்படி கட்டுகிறேன் என்று தானே சான்று கொடுத்து, பணத்தைக் கட்டி, இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான், ஆனால் டேப்புக்காரரை யாரும் கலந்து பேசவில்லை. “அவனே கட்டுவானாம், அவனே சரின்னு எழுதிக்குவானாம். அப்புறம் நான் எதுக்குக் கீறேன்?” என்று ஊராட்சி அலுவலக வாசலில் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. திங்கள்கிழமை குறைதீர்வு நாளுக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறினார்.

ரத சப்தமி அன்று அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்காகத் திருவண்ணாமலையிலிருந்து கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு வருகிறார். ஊரே ஆற்றங்கரையில் நிற்கும். டேப்புக்காரரும் கும்பிடுவார், கன்னத்தில் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது தெருவில் ஆள் இல்லாததைப் பார்த்து, பக்கத்து வீட்டு சன்ஷேடு எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நிதானமாக அளந்துவிட்டு வீட்டுக்குள் போவார்.

அவருடைய வீட்டு மாடிப்படியின் கடைசி மூன்று படிகள் தெருவில் இருக்கின்றன. அதை அவர் அளந்ததில்லை. படியேறிப் போனால் மொட்டை மாடியில் நாலு மூலையிலும் பில்லர் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மேல் தளத்துக்கு என்று விட்டவை. துருப்பிடிக்காமலிருக்கத் தலைகீழாகக் கவிழ்த்த தண்ணீர் பாட்டில்கள் வெயிலில் வெளுத்துப் பொடிந்துவிட்டன. ஒரு கம்பியில் கேபிள் ஒயர், இன்னொன்றில் துணிக்கொடி. என் கணிப்பில் ஜன்னல், மலை, சுயசான்று எதுவும் அவருடைய வியாதி இல்லை. வியாதி அந்த நாலு கம்பிகள். தன்னுடையது எழும்பாமல் நிற்கும்போது பக்கத்தில் சென்டரிங் பலகை அடிக்கும் சத்தம் காதில் விழுந்தால் யாருக்குத்தான் டேப் எடுக்கத் தோன்றாது?

கலசப்பாக்கத்தில் மேலே எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைக்கால் தோண்டுகிற அன்று காலை மேஸ்திரிக்கு முன்னால் அவரைக் கூப்பிடுங்கள். நாற்காலி போடுங்கள், காபி கொடுங்கள். “பெரிப்பா, நீங்க கொஞ்சம் இந்த முனையைப் பிடிச்சிக்கங்க” என்று டேப்பை நீட்டுங்கள். அவர் பிடித்துக் கொடுத்த அளவின் மேல் அவரே மனு எழுத முடியாது. ஜன்னலை மட்டும் கிண்ணம் போகிற அகலத்துக்கு வையுங்கள்.