ஆருட மகன்?

எங்கள் பக்கத்துத் தெருவுக்குள் வெளியூர் ஆள் ஒருவர் வந்தால், சலாத்துக்கு அடுத்ததாக அவர் காதில் விழுவது "எந்த ஊர்?" என்ற கேள்விதான். பிறகு "ஆருட மகன்?" அதற்கும் மறுமொழி வந்துவிட்டால், "என்ன குடி?" கிழக்கிலங்கைக் கல்முனைக்குடியில் நான் வளர்ந்த எழுபதுகளில் இந்த மூன்றும் போதும். எங்கள் கரையில் குடி தாய்வழியாக வருவது. முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் உண்டு. முன்பின் கண்டிராத மனிதர் மூன்றாவது மறுமொழியில் மூத்தம்மாவுக்கு மச்சான் முறையாகி, திண்ணையில் பாய் விரிக்கப்பட்டு, தேத்தண்ணியும் வந்துவிடும்.

தோற்றத்தைப் பார்க்காமல் இல்லை. கடப்படியில் நிற்பவரை மூத்தம்மா தலையிலிருந்து கால்வரை அளப்பார். களிசான், சப்பாத்து, கறுப்புக் குடை என்றால் கோட்டுக் கச்சேரி ஆள். "வாப்பா வீட்ட இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். பச்சைத் தலைப்பாகையும் கையில் றபானும் என்றால் பக்கீர் பாவா. சுளகில் அரிசி போகும். அக்கரைப்பற்றுக்கு மேற்கே அளிக்கம்பையிலிருந்து வனக்குறவர்களும் வருவார்கள். தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். ஆண்கள் பாம்பாட்டுவார்கள், பெண்கள் கைரேகை பார்ப்பார்கள். அவர்களைக் கடப்பைத் தாண்ட விட்டதில்லை. தெருவில் கோழி ஒன்று தொலைந்தால் முதற் சந்தேகம் அவர்கள்மேல். ஊர், தகப்பன், குடி என்று எதையும் அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்த அநீதிக்கு இன்றுவரை எங்கள் ஊர் பதில் சொல்லவில்லை.

கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தின்போது மட்டும் இந்த அளவெல்லாம் கிடையாது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் 12 நாள் நடக்கும். எங்கெங்கோ இருந்து வந்த சனம் கடற்கரை மணலில் படுத்துக் கிடக்கும். எல்லாக் கைக்கும் நேர்ச்சையாகக் கொடுக்கும் ஒரே நார்சாச் சோறு.

கல்முனை வீதியில் வடக்கிருந்து தெற்கே பஸ்ஸில் போனால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும். முன்பு பெண்கள் எல்லோரும் சேலைதான். எங்கள் பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். வெயிலுக்குத் தமிழ்ப் பெண்களும் அப்படித்தான். தூரத்தில் வரும்போது யார் எவர் என்று தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மத்திய கிழக்குப் பயணங்களோடு அபாயா பரவியது. உடுப்பது அவரவர் உரிமை. அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில்தான் யுத்தமும் வந்து, உடுப்பை உயிர் பறிக்கும் அடையாளமாக்கியது. ஒரு சோதனைச் சாவடியில் தொப்பி ஆளைக் காப்பாற்றும். இன்னொரு வீதித் திருப்பத்தில் அதே தொப்பியே கொல்லும். பொட்டுக்கும் அதே கதிதான். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். "ஆருட மகன்?" என்று கேட்பதற்கு அங்கே யாரும் நிற்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எல்லோருடைய உடுப்பையும் பறித்துக்கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சேறு அப்பிய முகங்களில் இனம் தெரியவில்லை. அம்பாறைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பார்சலோடு வந்தவர்களை அதற்கு முன் நாங்கள் கண்டதே இல்லை. அந்தச் சோற்றை வாங்கித் தின்றுதான் பிழைத்தோம்.

அந்த நினைவு ஏழு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். 'கிறீஸ் பூதம்' என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறானாம். இரவுத் தறாவீஹ் தொழுகை முடிந்ததும் இளைஞர்கள் பொல்லுகளோடு சந்திகளில் நின்றார்கள். இருட்டில் தனியே வரும் எவனும் பூதம்தான். மலையகத்தில் ஹப்புத்தளைப் பகுதியில் இரண்டு பேரைச் சனங்களே கொன்றார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். பயந்த கண்ணுக்கு அந்நியன் ஒருவன் போதும்.

பிறகு 2019. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில், அந்தத் தாக்குதலோடு தொடர்புடையவர்கள் தங்கியிருந்த ஒரு வாடகை வீட்டில் குண்டுகள் வெடித்தன. அந்த வீட்டுக்கு வந்தவர்களின் தோற்றத்தில் குறை பிடிக்க எதுவும் இல்லை. எங்களைப் போலவே உடுத்தினார்கள், எங்களைப் போலவே பேசினார்கள். ஆயினும் அக்கம்பக்கத்து முஸ்லிம்களே சந்தேகப்பட்டு, விசாரித்து, தகவல் கொடுத்தார்கள். ஆறு குழந்தைகள் உட்பட 15 உடல்கள் எடுக்கப்பட்டன. எங்கள் கரையின் அந்தப் பழைய கேள்வி அன்று எத்தனை உயிர்களைக் காத்ததென்று யாருக்குத் தெரியும்? மூன்றே நாளில் நாடு முழுவதும் முகம் மூடத் தடை வந்தது. மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுப்பில் இருந்தது கப்பல் சுக்கான் படம், பொலிஸாருக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அபாயாவோடு கொழும்புக்குப் பஸ் ஏறிய எங்கள் பெண்கள் பக்கத்து ஆசனம் காலியாகவே இருக்கப் பயணம் செய்தார்கள். குறத்தியைக் கடப்படியில் நிறுத்திய அதே பார்வை, இப்போது எங்கள் பிள்ளைகள்மேல்.

இவ்வளவும் பட்ட ஊர் இது. அண்மையில் ஒரு பகல், பிளாஸ்டிக் சாமான் விற்க வந்த இளைஞன் ஒருவனின் படம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நீளத் தலைமயிர், காதில் கடுக்கன். கீழே ஒரு வரி: 'சந்தேக நபர், அவதானம்.' எடுத்தது என் மருமகன்.

"அவனுக்கிட்ட ஒண்டும் கேக்கல்லியா மனே?"

"கேட்டா பொய்தானே மாமா சொல்லுவான்."

"சொல்லட்டும். சாய்ந்தமருதுல பொய் சொல்லித்தானே ஊடு எடுத்தானுகள்? கேட்டவங்களாலதான் அந்தப் பொய் புடிபட்டிச்சி. படம் புடிச்சதால இல்ல."

வெளியே போய் நானே கேட்டேன். பதுளைப் பக்கம், தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் பெயரைச் சொன்னான். காலையிலிருந்து ஒருவரும் தன்னோடு பேசவில்லை என்றும் சொன்னான். மருமகன் வந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டு, படத்தைக் குழுவிலிருந்து அழித்தான். ஆனால் அது அதற்குள் நற்பிட்டிமுனைக்கும் மருதமுனைக்கும் போய்விட்டிருந்தது. அந்தப் பையன் அடுத்துப் போகவிருந்ததும் அந்த ஊர்களுக்குத்தான்.