டெஸ்டர் அண்ணன்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு டெஸ்டர் அண்ணன் இருப்பார். காலையில் பால்வெட்டுக்கோ கொழுந்து இஸ்டோருக்கோ போவார். அந்திக்கு மேல் லயம் முழுவதற்கும் அவர்தான் மின்சார சபை. பேனா குத்த வேண்டிய சட்டைப்பையில் டெஸ்டர் குத்தியிருக்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார்.

அவருடைய காம்பராவில் இன்னொரு கட்டில் போட இடமில்லை. மீன்தொட்டி வைக்க இடமிருக்கிறது. கப்பி, ஃபைட்டர், தங்கமீன், நடுவில் குமிழி விடும் மோட்டர். கேகாலையில் கலப்பிட்டமடப் பக்கத்து ஓடையில் வாழும் பந்துல மீனுக்கு 1991இல்தான் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அண்ணனைக் கேட்டால், "அதெல்லாம் நான் சின்ன வயசிலேயே புடிச்சது" என்பார்.

தொட்டிக்குக் கரண்டு வரும் வழிதான் காணத்தக்கது. நாட்டுக்கெல்லாம் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்தான் என்று சட்டம் வந்துவிட்டது. அண்ணனின் ஒயருக்கோ பின்னே கிடையாது. சொக்கட்டின் மேல் ஓட்டையில் ஈர்க்குச்சியைக் குத்தினால் கீழே இரண்டு ஓட்டைகளும் திறக்கும். அவற்றில் ஒயர் நுனியைச் செருகிவிடுவார். எர்த் வர வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி வந்திருக்கிறது.

"அண்ணே, தண்ணியில கரண்டு கசியாதா?"

"கசிஞ்சா மீன் செத்து மெதக்காதா? மீனப் பாரு தம்பி!"

மீன் சாட்சி செல்லாது. கரண்டு ஓட ஒரு வழி வேண்டும். கண்ணாடித் தொட்டியிலிருந்து வெளியேற அதற்கு வழியில்லை. 230 வோல்ட் ஒயர் உள்ளே வெடித்திருந்தாலும் தண்ணீரோடு சேர்ந்து மீனும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும், தன் பாட்டுக்கு நீந்தும். வெறுங்காலோடு ஈரச் சிமெந்தில் நின்று கையை உள்ளே விடுகிறவர்தான் வழி திறந்து விடுகிறார். அதாவது அண்ணன்.

கொழும்பிலிருந்து மருமகன் மீட்டர் கொண்டுவரும் நாளில் கதை தலைகீழ். தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே நாற்பது வோல்ட் என்று மீட்டர் சொன்னதும் அண்ணன் பிள்ளைகளை வாசலுக்கு விரட்டுவார். நல்ல மோட்டர் பக்கத்தில் இருந்தாலே தண்ணீரில் இப்படித் தூண்டல் மின்னழுத்தம் ஏறுவதுண்டு; அதற்குப் பின்னால் இருப்பது மைக்ரோ அம்பியர்தான், ஒருவரையும் கொல்லாது. மீட்டர் மிக நுட்பமானது, அதனால் அதையும் காட்டிவிடுகிறது. ஒன்றும் செய்யாத அந்த எண்ணுக்கு நடுங்குகிறவர், மறுநாள் வெடித்த மோட்டர் ஒயரில் டேப் சுற்றித் தண்ணீருக்குள் இறக்கும்போது விசிலடித்துக்கொண்டிருப்பார்.

ட்ரிப் சுவிட்ச் என்னவாயிற்று என்கிறீர்களா? 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்குமுன் கரண்டை வெட்டுவது அதன் வேலை. ஒரு மழைக்காலம் அது அடிக்கடி விழுந்தது. "நாடகம் பாக்க விட மாட்டேங்குது" என்று அதைத் தாண்டி நேராகவே கொடுத்துவிட்டார். ஒழுங்காக வேலை செய்ததற்காகச் செக்ரோலில் பேர் வெட்டப்பட்டது அந்தத் தோட்டத்தில் அது ஒன்றுதான்.

உங்கள் லயத்திலும் அவர் இருப்பார். தொட்டிக்குள் கைவிடுமுன் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றப் பிளக் இல்லையென்றால் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். ஒயர் பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் பூட்ட வேலை படித்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்வார், ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள்.